கார் விக்கேக்க ஓடிப் பாக்கக் குடுக்கிறது எப்பிடி? முதல்தரம் விக்கிற ஆக்களுக்கு

போன் வரும். "அண்ணை, உங்கட காரை நெற்றில பாத்தனான், பின்னேரம் வந்தா ஒருக்கா ஓடிப் பாக்கலாமோ?" எண்டு கேப்பினம். முதல்தரம் கார் விக்கிற ஆள் உடன ஓம் வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு, வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு காரைக் கழுவப் போயிடுவார். நானும் அப்பிடித்தான் போனனான்.

2019இல என்ர பழைய அல்டோவை விக்க வெளிக்கிட்ட நேரம், தெரிஞ்ச ஒருத்தற்ற மச்சான்ர கூட்டாளி எண்டு ரெண்டு பெடியள் வந்தவை. நல்ல மரியாதையான பெடியள், வாசல்லயே செருப்பைக் கழட்டிப்போட்டு வந்து இருந்து தேத்தண்ணியும் குடிச்சவை. பேந்து "ஒரு ரவுண்ட் அடிச்சிட்டு வாறம் அண்ணை" எண்டு கேக்க நான் சாவியைக் குடுத்திட்டு படலையடியில நிண்டுகொண்டிருந்தன். 10 நிமிசம் போச்சு, அரை மணித்தியாலம் போச்சு, எனக்கு வயித்தைக் கலக்கத் தொடங்கீட்டுது, அப்பதான் யோசிச்சுப் பாத்தா என்னட்ட அவையின்ர போன் நம்பர் கூட இல்லை. தெரிஞ்சவருக்கு அடிச்சா அவருக்கு மச்சானை மட்டும்தான் தெரியும், மச்சானுக்கு அடிச்சா அவருக்கு அந்தப் பெடியன்ர பட்டப்பேர் மட்டும்தான் தெரியும். 1 மணித்தியாலம் 40 நிமிசத்துக்குப் பிறகு கார் வந்துது. கிளட்ச் கருகின மணம், பெற்றோல் முள்ளு சிவப்பில, முன் பம்பர்ர கீழ் விளிம்பில ஏதோ மதில்ல உரசின மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு. கேட்டா "அது முந்தியே இருந்தது தானே அண்ணை" எண்டு சொல்லுறான். நான் ஒரு படமும் எடுத்து வைக்கேல்ல, என்னத்தைச் சொல்லுறது. விலை சரிவராது எண்டு சொல்லிப்போட்டு போட்டினம்.

அதுக்குப் பிறகு எனக்கும் வீட்டாக்களுக்குமா மூண்டு வாகனம் வித்துக் குடுத்திருக்கிறன், ஒண்டிலயும் அப்பிடி நடக்கேல்ல. நான் ஒண்டும் கெட்டித்தனம் செய்யேல்ல, கூச்சத்தை மட்டும்தான் விட்டனான்.

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன். ஓடிப் பாக்க விடமாட்டன் எண்டு நிக்கிறது சரியில்லை. ஒரு பழைய ரொயோட்டா விற்ஸ் எண்டாலும் இண்டைக்கு எத்தினை லட்சம், 2020 மாசியில கூட அப்பிடியொரு விலையை யாரும் நினைச்சிருக்க மாட்டினம். அந்த வருசம் பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, 2025 மாசியிலதான் திரும்ப விட்டவை, அந்த அஞ்சு வருசத்துக்குள்ள ஓடித் தேஞ்ச காருக்கெல்லாம் தங்கத்தின்ர விலை வந்திட்டுது. அவ்வளவு காசு குடுக்கிறவன் ஸ்ரியறிங்கைப் பிடிக்காமல் வேண்டமாட்டான். 90களில மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களின்ர காலத்தில எண்டா எஞ்சின் ஸ்ராட் வந்தாலே விலை பேசி முடிஞ்சிடும், இப்ப அந்தக் கதை இல்லை. ஆனா அவர் ஓடுற அந்த 20 நிமிசமும் கார் உங்கட பேரிலதான் இருக்குது. சந்தியில ஆரையும் இடிச்சாலும், பொலிஸ் மறிச்சாலும், சீஆர் எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தில இருக்கிற பேரைத்தான் தேடி வருவினம். அப்ப அந்த 20 நிமிசத்தையும் நடத்தவேண்டியது நீங்கள். எந்த றோட்டு, எத்தினை மணிக்கு, ஆர் எங்க இருக்கிறது, சாவி ஆரின்ர கையில, இந்த நாலும் உங்கட முடிவா இருக்கவேணும்.

இன்சூரன்ஸில இருந்து தொடங்குவம், ஏனெண்டா கனபேர் இதைப் பாக்கிறேல்ல. உங்கட காருக்கு இருக்கிறது தேட் பாட்டி மட்டும் எண்டா, வேண்ட வந்தவர் கொண்டுபோய் லைற் போஸ்ற்றில இடிச்சா உங்கட காருக்கு ஒரு சதமும் வராது, அடுத்தவைக்கு நடந்த பாதிப்புக்கு மட்டும்தான் அது. புல் இன்சூரன்ஸ் எண்டாலும், ஓடினவரிட்ட செல்லுபடியான லைசன்ஸ் இல்லாட்டி கிளெயிம் கிடைக்காது. வேற ஆள் ஓடலாமோ, வயசுக் கட்டுப்பாடு ஏதும் இருக்கோ எண்டது ஒவ்வொரு பொலிசியிலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், விளம்பரம் போடமுதல் உங்கட ஏஜென்றுக்கு ஒரு கோல் எடுத்து "விக்கப்போறன், வாறவை ஓடிப் பாப்பினம், அதுக்கு கவர் இருக்கோ" எண்டு நேரடியாக் கேளுங்கோ. அப்பிடியே ரெவினியூ லைசன்ஸ், அதுதான் வருசா வருசம் எடுக்கிற வாகன வரிப் பத்திரம், முடிஞ்சிருக்கோ எண்டும் முன் கண்ணாடியைப் பாருங்கோ. புகைப் பரிசோதனை செய்யாமல் அதைப் புதுப்பிக்க ஏலாது, "விக்கப்போற கார்தானே, வேண்டுறவன் எடுக்கட்டும்" எண்டு விட்டுட்டு ஓடிப் பாக்க றோட்டில இறக்கினா தண்டம் உங்களுக்குத்தான்.

அடுத்தது ஓடிப் பாக்க வாறவரின்ர லைசன்ஸ். இங்கதான் எங்கட ஆக்களுக்குப் பெரிய கூச்சம். "தெரிஞ்ச ஆள், வாத்தியாற்ற மருமகன், அவரிட்ட எப்பிடி லைசன்ஸ் கேக்கிறது" எண்டு யோசிப்பம். யாழ்ப்பாணத்தில எல்லாருமே ஆரோ ஒருத்தற்ற மருமகன்தான், அதைப் பாத்தா ஆரிட்டயும் கேக்க ஏலாது. நான் செய்யிறது என்னெண்டா நேர கேக்கமாட்டன், போனிலயே சொல்லிப்போடுவன்: "வரேக்க லைசன்ஸையும் கொண்டுவாங்கோ தம்பி, இன்சூரன்ஸ்காரர் சொல்லியிருக்கினம், நான் ஒரு படம் எடுத்து வைக்கவேணும்." பழி இன்சூரன்ஸ்காரருக்குப் போயிடும், ஒருத்தரும் கோவிக்கிறேல்ல. கோவிக்கிற ஆள் வராமலே விட்டிடுவார், அது உங்களுக்கு நல்லதுதான்.

லைசன்ஸை வேண்டினா சும்மா முன்பக்கத்தைப் பாத்திட்டுக் குடுக்காதேங்கோ. முகம் சரியோ, திகதி முடிஞ்சிருக்கோ, கார் ஓடுற பி வகுப்பு அதில இருக்கோ எண்டு பாக்கவேணும். மோட்டச்சைக்கிளுக்கு மட்டும் லைசன்ஸ் எடுத்துவைச்சுக்கொண்டு கார் வேண்ட வாற பெடியள் இருக்கினம், கார் வேண்டினாப் பிறகு பழகுவம் எண்ட எண்ணத்தில. லைசன்ஸ் இல்லாத ஆளிட்ட வாகனத்தைக் குடுக்கிறது குடுத்தவருக்கும் குற்றம். வெளிநாட்டில இருந்து லீவில வாற ஆக்களும் அப்பிடித்தான், 20 வருசமா கனடாவில ஓடினாலும் அந்த நாட்டு லைசன்ஸை மட்டும் வைச்சுக்கொண்டு இங்க ஓட ஏலாது. அப்பிடி ஆக்கள் வந்தா "நீங்கள் பக்கத்தில இருங்கோ, நான் ஓடிக் காட்டுறன், உங்கட ஆள் ஒருத்தர் இங்கத்தை லைசன்ஸ் இருக்கிறவர் பிறகு ஓடட்டும்" எண்டு சொல்லலாம். அடையாள அட்டையையும் படம் எடுங்கோ, பழைய 9 இலக்கமும் ஒரு எழுத்தும் உள்ளதெண்டாலும் சரி புது 12 இலக்கம் எண்டாலும் சரி. எடுத்த படத்தை அந்த இடத்திலயே மனிசிக்கோ அண்ணனுக்கோ வட்ஸ்அப்பில அனுப்பிப்போடுங்கோ, வந்த ஆளுக்குத் தெரியத்தக்கதா அனுப்பினா இன்னும் நல்லது.

காரையும் படம் எடுங்கோ. நாலு பக்கமும், நாலு வீலும், பம்பர்ர கீழ் விளிம்பும், மீற்றரும் பெற்றோல் முள்ளும். ரெண்டு நிமிச வேலை. என்ர அல்டோவுக்கு இந்த ரெண்டு நிமிசத்தைச் செலவழிச்சிருந்தா அந்தப் பெடியனோட வாய் காட்டியிருக்கலாம்.

நேரம் பகல் நேரமா இருக்கவேணும். பள்ளிக்கூடம் தொடங்கிற விடுற நேரங்களில வேண்டாம், பலாலி றோட்டு முழுக்க சைக்கிளும் வானுமா நிக்கும். காலமை 9க்குப் பிறகு நல்லம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயில் சுத்தாடல் றோட்டுகளை மறிச்சிருப்பினம், அந்தப் பக்கம் வீடு எண்டா வேற இடத்தில சந்திக்கிறது சுகம். வீட்டில பொம்பிளையள் தனிய இருக்கிற ஆக்கள் வீட்டு விலாசத்தை விளம்பரத்தில போடாமல், ஆக்கள் நடமாடுற ஒரு பெற்றோல் செற்றடியிலயோ சுப்பர் மார்க்கெற்றடியிலயோ வரச்சொல்லலாம், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. தண்ணி வாசம் வந்தா, அது சித்தப்பாவா இருந்தாலும், சாவி வெளிய வராது.

இன்னுமொண்டு, ஆக்கள் வரமுதல் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதேங்கோ. விசயம் தெரிஞ்ச ஆள் வந்தவுடன பொனெற்றில கையை வைச்சுத்தான் பாப்பார். சூடா இருந்தா "காலமை ஸ்ராட் வாறேல்லப் போல" எண்டு மனசுக்குள்ள விலையைக் குறைச்சிடுவார். குளிர் எஞ்சின் அவருக்கு முன்னால ஒரே அடியில ஸ்ராட் வந்தா, அதுக்குப் பிறகு நீங்கள் கனக்கக் கதைக்கத் தேவையில்லை.

சரி, றோட்டு. இதை முதலே ஓடிப் பாத்து வைச்சிருக்கவேணும். நான் இருக்கிறது கோண்டாவில் பக்கம், என்ர வழமையான பாதையைச் சொல்லுறன், நீங்கள் உங்கட இடத்துக்கேத்த மாதிரி யோசியுங்கோ. ஒழுங்கையால வெளியில எடுத்து பலாலி றோட்டில ஏறி உரும்பிராய்ச் சந்தி வரைக்கும் நான்தான் ஓடுவன், அவர் பக்கத்தில. சந்தியால வலப்பக்கம் திரும்பி கோப்பாய், அங்கயிருந்து கைதடிப் பக்கம் போற வெட்டைவெளி றோட்டு. அதில ஆள் நடமாட்டம் குறைவு, நேர் றோட்டு, ரெண்டு பக்கமும் தூரம் தெரியும். அங்கதான் ஸ்ரியறிங்கைக் குடுப்பன். திரும்பி வரேக்க அவர் ஓடி வரலாம், ஆனா ஒழுங்கைக்குள்ள திரும்ப நான்தான். எங்கட ஒழுங்கையள் தெரியும் தானே, ரெண்டு பக்கமும் மதில், முடக்கில எதிர வாறது தெரியாது, பழகாத ஆள் ஒடிச்சா கண்ணாடி போகும். றெயில் கடவையளையும் நான் பாதையில வைக்கிறேல்ல. கொக்குவில் பக்கம் ஒருக்கா ஒரு ஐயா கடவையில ஏறேக்க கிளட்சை டக்கெண்டு விட்டு எஞ்சின் தண்டவாளத்துக்கு மேல நிண்டிட்டுது, றெயில் வரேல்ல, வாற நேரமும் இல்லை, எண்டாலும் அவர் திரும்ப ஸ்ராட் பண்ணுறதுக்கு எடுத்த அந்த நாலைஞ்சு செக்கனும் எனக்கு இப்பவும் முதுகில தெரியும்.

ஏன் முதல்ல நான் ஓடுறன் எண்டா, கார் நல்லா ஓடுதெண்டு காட்ட மட்டுமில்லை. வந்த ஆளை அவதானிக்கலாம். அவர் சத்தத்தைக் கேக்கிறாரோ, ஏசியில கையை வைச்சுப் பாக்கிறாரோ, இல்லை போனை நோண்டிக்கொண்டு வாறாரோ. பொழுதுபோக்குக்கு கார் ஓடிப் பாக்க வாறவையும் இருக்கினம், ஆளைப் பாக்க 10 நிமிசத்தில விளங்கிடும்.

இப்ப சீற் மாறுற இடம். இதை வடிவா வாசியுங்கோ, கார் களவு போறதெண்டா இந்த அரை நிமிசத்தில போகலாம். கார் நிக்குது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்குது, நீங்கள் இறங்கி முன்னால சுத்தி மற்றப் பக்கம் வாறியள், அவர் உள்ளுக்குள்ளாலயே அங்கால சீற்றுக்குத் தாவி கியரைப் போட்டுட்டார் எண்டா நீங்கள் றோட்டில. அதனால எஞ்சினை நிப்பாட்டுங்கோ, சாவியைக் கழட்டிக் கையில எடுங்கோ, அவர் இறங்கிச் சுத்தி வந்து ஓடுற சீற்றில இருந்தாப் பிறகு நீங்கள் இடப்பக்கச் சீற்றில ஏறி கதவைச் சாத்தி பெல்ற்றையும் போட்டுட்டுச் சாவியைக் குடுங்கோ. அக்குவா மாதிரி பட்டன் ஸ்ராட் கார்களில கனபேர் பிழை விடுறது "சாவி என்ர பொக்கெற்றில தானே, அவன் எங்க கொண்டுபோறது" எண்டு நினைக்கிறது. ஒருக்கா ஸ்ராட் பண்ணின காரில இருந்து நீங்கள் சாவியோட தள்ளிப் போனா அது கீக் கீக் எண்டு கத்தும், அவ்வளவுதான், எஞ்சின் நிக்காது. நிப்பாட்டும் வரைக்கும் ஓடிக்கொண்டே போகும். நம்பாட்டி உங்கட முத்தத்தில வைச்சு ஒருக்கா செய்து பாருங்கோ.

மூண்டு நாலு பேர் வந்தா எல்லாரையும் ஏத்தவேண்டாம். ஓடுறவர், கூட ஒரு மெக்கானிக், நீங்கள், ஏலுமெண்டா உங்கட பக்கத்து ஆள் ஒருத்தர் பின் சீற்றில. மிச்ச ஆக்கள் விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும். சீஆர் புத்தகத்தின்ர ஒறிஜினல் வீட்டிலதான் இருக்கவேணும், டாஷ்போட்டுக்குள்ள இல்லை. காட்டுறதுக்கு ஒரு போட்டோக் கொப்பி காணும், அதுக்குக் குறுக்கால "விற்பனைக்குக் காட்ட மட்டும்" எண்டு பேனையால எழுதி வையுங்கோ. மனிசியின்ர போனுக்கு வட்ஸ்அப்பில லைவ் லொக்கேசனைப் போட்டுட்டு வெளிக்கிடுங்கோ.

ஓடேக்க அவர் என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாது எண்டு ஸ்ராட் பண்ணமுதலே சொல்லிப்போடவேணும், ஓடத் தொடங்கினாப் பிறகு சொன்னா சண்டை மாதிரி வரும். பிறேக் பிடிச்சுப் பாக்கலாம், ஆனா நான் சொல்லுற இடத்தில, பின்னால ஓட்டோ வருதோ எண்டு கண்ணாடியில பாத்தாப் பிறகு. ஸ்ரியறிங்கை லேசா விட்டு ஒரு பக்கம் இழுக்குதோ எண்டு பாக்கலாம். பள்ளம் திட்டியில மெல்ல இறக்கி கீழ சத்தம் கேக்கலாம், ஏசியை முழுசா வைச்சு எஞ்சின் இழுவையைப் பாக்கலாம், றிவேர்ஸ் எடுக்கலாம். ஊர்மனைக்குள்ள 50, வெளியில 70, அதுக்கு மேல மீற்றர் முள்ளு போனா நிப்பாட்டச் சொல்லுவன். ஓட்டோ கியர் காரில கார் உருண்டுகொண்டிருக்கேக்க றிவேர்ஸில இருந்து டிரைவுக்கு அடிக்க விடமாட்டன், அது கியர்பொக்ஸுக்கு அடி. கியர் கார் எண்டா காலைக் கிளட்சில வைச்சுக்கொண்டே ஓடுற பழக்கம் கனபேருக்கு, மணம் வரமுதல் சொல்லிப்போடுங்கோ. என்ர அல்டோவை மணக்க வைச்சதும் அந்தப் பழக்கம்தான்.

கைபிறிட் காருக்கு வேண்டுறவை பற்றரியைத்தான் பயந்து பயந்து கேப்பினம். ஸ்கான் அடிச்சுப் பாக்கப்போறம் எண்டா ஓம் எண்டு விடுங்கோ, மறைச்சா சந்தேகம்தான் கூடும். ஆனா கராஜுக்குப் போறதெண்டா நீங்களும் கூடப் போங்கோ. "மெக்கானிக் பின்னேரம்தான் வருவார், காரை விட்டுட்டுப் போங்கோ" எண்டா "அப்ப பின்னேரமே கொண்டுவாறன்" எண்டு சொல்லுங்கோ. "வீட்டுக்காரிக்குக் காட்டிப்போட்டு நாளைக்குக் கொண்டுவந்து விடுறன்" எண்டவைக்கும் அதே பதில்தான், வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லுங்கோ, அவவுக்கும் ஒரு தேத்தண்ணி போடலாம்.

பெற்றோல் கதையும் ஒண்டு. 2022இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் அட்டையோட லைனில நிண்ட காலத்தில ஓடிப் பாக்க வாறவையிட்ட பெற்றோல் காசு கேட்டு வேண்டினவை இருந்தவை, பிழையெண்டு சொல்லமாட்டன், அண்டைக்கு ஒவ்வொரு லீற்றரும் கணக்கு. இப்ப கேட்டா கஞ்சத்தனமாத் தெரியும். ஒரு 15, 20 கிலோமீற்றருக்கு உங்கட காரில எவ்வளவு பெற்றோல் போகப்போகுது, விடுங்கோ. ஆனா ராங்கை வறட்டி வைச்சிருக்காதேங்கோ, கைதடி வெட்டையில பெற்றோல் முடிஞ்சு நிண்டா காரின்ர விலை அங்கயே பாதி.

காரில இருக்கிற பிழையை எப்ப சொல்லுறது எண்டு கேப்பினம். ஓட முதல்ல. அப்பாவின்ர விற்ஸை விக்கேக்க முன் இடப்பக்கச் சில்லடியில இருக்கிற லிங்க் எண்ட பாகம் தேஞ்சு போய், ஒவ்வொரு பள்ளத்திலயும் கடகடெண்டு ஒரு சத்தம். மாத்த நேரமில்லை. வந்தவரிட்ட ஏறமுதலே "அண்ணை, முன் இடப்பக்கம் ஒரு சத்தம் கேக்கும், அது லிங்க், விலையில பாத்துச் செய்வம்" எண்டு சொல்லிப்போட்டன். அவர் ஒவ்வொரு பள்ளத்திலயும் தலையை ஆட்டி "ஓம் ஓம், லிங்க்தான்" எண்டு வந்தார், வேற ஒரு சத்தத்தையும் தேடேல்ல. நான் சொல்லாமல் விட்டிருந்தா அதே சத்தம் அவருக்கு கியர்பொக்ஸாக் கேட்டிருக்கும், எஞ்சினாக் கேட்டிருக்கும். அந்தக் கார் அண்டைக்கே போச்சு.

திரும்பி வந்து நிப்பாட்டினவுடன நேர விறாந்தைக்குப் போகாதேங்கோ, அவர் நிக்கேக்கயே காரை ஒருக்கா சுத்திப் பாருங்கோ, அவரோட கதைச்சுக்கொண்டே பாக்கலாம். ஸ்பெயார் சாவி காட்டக் குடுத்திருந்தா ரெண்டு சாவியும் கைக்கு வந்திட்டுதோ எண்டு பாருங்கோ. ஒருவேளை எங்கயும் தட்டுப்பட்டிருந்தா அந்த இடத்திலயே படம் எடுத்து, காரை அசைக்காமல் இன்சூரன்ஸ்காரருக்கு அடிக்கவேணும், "நாங்கள் பாத்துக் குடுக்கிறம் அண்ணை" எண்ட கதையை நம்பி ரெண்டு நாள் கழிச்சு அடிக்கிறதில பிரயோசனமில்லை.

விலை கதைக்கிறது பிறகு. காருக்குள்ள வைச்சே "கடைசியா என்ன அண்ணை" எண்டு கேப்பினம், ஓடிக்கொண்டிருக்கேக்க நான் காசுக்கதை கதைக்கிறேல்ல, அவரும் றோட்டைப் பாக்கமாட்டார் நானும் பாக்கமாட்டன். உள்ளுக்கு வந்து இருந்து கதைச்சு சரி எண்டா அட்வான்ஸை வேண்டிக்கொண்டு ஒரு துண்டில ரெண்டு பேரும் கையெழுத்து. மிச்சக் காசு பாங்கில விழுந்து, பாங்க் மெசேஜ் எண்டு ஆரோ காட்டுற ஸ்கிரீன்சொட்டை நம்பாமல் உங்கட கணக்கிலயே பாத்தாப் பிறகுதான் காரும் புத்தகமும். பேர் மாத்தாமல், வேண்டுறவரின்ர பேரை நிரப்பாத ஓப்பின் பேப்பரில கையெழுத்து வைச்சுக் குடுக்கிற பழக்கம் எங்கட பக்கம் இன்னும் இருக்குது, அது வேண்டாம், வித்து 14 நாளுக்குள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சுப்போடுங்கோ. குடுத்த நாளும் நேரமும் மீற்றரும் அந்தத் துண்டிலயே எழுதியிருக்கட்டும், காலமை 10.40 எண்டா 10.40 எண்டே எழுதுங்கோ, 10.50க்கு அவர் சந்தியில ஆரையும் தட்டினா அந்தக் கடுதாசிதான் உங்களுக்காகக் கதைக்கும்.